சுழி பார்க்கிறவர்

நெற்றி மயிரை விலக்கிப் பார்த்தாயிற்று. காதடியிலும் பழுதில்லை. தீர்த்தகிரி கட்டைவிரலை எச்சிலில் தொட்டுக்கொண்டு குதிரையின் கழுத்தை நீவியபடியே முதுகுக்கு வந்தார், அங்கே நின்றுவிட்டார்.

"இருக்குதுங்க ராவுத்தரே, பாடைச் சுழி. இதைய ஓட்டுனா ஊட்டுல பொணம் உழுகும்."

குதிரைத் தரகர் மொய்தீன் ராவுத்தருக்குக் கோபம்கூட வரவில்லை. ஆடி மாதத்து அந்தியூர்ச் சந்தையில் மூன்று வருஷமாக இந்த மனிதருக்குக் குதிரை காட்டிக் காட்டி அலுத்துப் போனவர் அவர். "உங்களுக்குத் தோதான குதிரைய ஆண்டவன்தான் புதுசாப் படைக்கணும்" என்று மட்டும் சொன்னார்.

தீர்த்தகிரி சங்ககிரி ஸ்டேஷனில் ஜட்கா ஓட்டிய மனிதர். இப்போது மூட்டை தூக்குகிறார். குதிரையில்லாத ஜட்கா வாசலில் மூக்கைத் தரையில் குத்திக்கொண்டு நிற்கிறது. கோழிகள் அதில் அடைகின்றன. சாட்டைக்கு மட்டும் தவறாமல் எண்ணெய் போட்டு வைக்கிறார். பக்கத்து வீட்டு எருமையானாலும் சரி, தெருநாயானாலும் சரி, சுழி பார்க்காமல் அவரால் தாண்டிப் போக முடியாது. ஒரு கல்யாண வீட்டில் பெண்ணின் பிடரியில் சுழி சரியில்லை என்று வாயை விட்டு, பந்தியிலிருந்து பாதி இலையில் எழுந்து ஓடிவந்தவர்.

ஆடியில் அந்தியூருக்குப் போகிறவர்களுக்குக் காரணம் இரண்டு. ஒன்று குதிரை. மற்றது, சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்த பிறகு காவேரிக்கு அக்கரையில்தான் கடை. சந்தையின் ஒரு மூலையில் குதிரைகள் கனைக்கும். இன்னொரு மூலையில் மனிதர்கள் கனைப்பார்கள். தீர்த்தகிரி முதல் காரணத்தைச் சொல்லிப் புறப்பட்டு, இரண்டாவது காரணத்தோடு திரும்புவார்.

அதனால்தான் இந்த வருஷம் அவர் மனைவி வள்ளியாத்தாளும் கூடவே வந்தாள். மிச்சமிருந்த ஆடுகளையும் விற்ற பணம் அவள் இடுப்பில் முடிந்திருந்தது. இந்த முறையும் குதிரை அமையாவிட்டால் ஜட்காவை விறகுக்குப் பிரித்துவிட்டு இளம்பிள்ளைத் தறிக்குக் கூலிக்குப் போவதென்று அவள் சொல்லிவிட்டாள். விற்பதற்கு இனி வீட்டில் ஒன்றுமில்லை.

இந்தச் சுழிப் பைத்தியம் பச்சமுத்து போன பிறகு பிடித்தது. ஒரே பையன், ஏழு வயசு. மகுடஞ்சாவடி ரோட்டிலிருந்து திரும்பும்போது ஜட்கா பாலத்து விளிம்பில் ஏறிக் கவிழ்ந்தது. பையன் சக்கரத்தடியில் அகப்பட்டுக்கொண்டான். "செவலைக்குக் கண்ணடியில கண்ணீர்ச் சுழிங்க. நாந்தான் கவனிக்காம உட்டுட்டேன்" என்று எழவுக்கு வந்த ஒவ்வொருவரிடமும் தீர்த்தகிரி சொன்னார். சொன்ன வாயில் வீசிய சாராய நாற்றம் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அந்த வாரமே குதிரை ராவுத்தர் கைக்குப் போய்விட்டது. வள்ளியாத்தாளும் அந்த வாயில்லாச் சீவன் மேல் மண்ணை வாரித் தூற்றித்தான் அனுப்பினாள். நம்பினால்தானே அவரோடு ஒரே கூரைக்குள் இருக்க முடியும்? நம்பினாள்.

சந்தை கலைகிற நேரத்தில் ராவுத்தர் கடைசியாக ஒரு செவலையைப் பிடித்துக்கொண்டு வந்தார். திருச்செங்கோட்டுக்காரர் ஒருவர் பஸ் வாங்கிவிட்டாராம், குதிரையைத் தள்ளிவிடச் சொன்னாராம். அது நேராக வந்து வள்ளியாத்தாளின் முந்தானையை முகர்ந்தது. முன்பெல்லாம் அவள் அதில்தான் கொள்ளு முடிந்து வைப்பாள். இடது காதில், விற்றுவிட்ட தங்கள் செவலைக்கு இருந்த அதே கிழிசல்.

அவள் இரண்டு கண்ணுக்குக் கீழேயும் விரலை வைத்துத் தடவினாள். மறுபடியும் தடவினாள். மயிர் வழவழவென்று ஒரே போக்கில் படிந்திருந்தது.

"இங்க சுழியே இல்லீங்களே" என்றாள்.

"மூணு வருசமா ஓடுச்சும்மா. ஒரு கோழிக்குஞ்சுகூட இது கால்ல மிதிபட்டதில்ல" என்றார் ராவுத்தர்.

வள்ளியாத்தாள் இடுப்பு முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அழுவதற்கு இது நேரமில்லை. "இதையவே வாங்கிக்கலாமுங்க. நம்ம செவலைங்க" என்று புருஷனைப் பார்த்தாள். ராவுத்தர் துண்டை உதறிக் கைமேல் போர்த்துக்கொண்டு, "கையக் குடுங்க" என்றார்.

தீர்த்தகிரியின் கை குதிரையின் கண்ணடியில் இருந்தது. அதைச் சுட்டுக்கொண்டவர்போல இழுத்துக்கொண்டார். "ஒண்ணுக்குப் போயிட்டு வாரேன்" என்று கூட்டத்துக்குள் நுழைந்தார். வெகுநேரமாகியும் வரவில்லை.

பவானிக்காரர் ஒருவர் குதிரையின் பல்லைப் பிடித்துப் பார்க்க ஆரம்பித்தார். வள்ளியாத்தாள் பதறிப்போய்க் கையை நீட்டினாள். "நான் வெலை பேசறனுங்க. பணம் எங்கிட்டத்தான் இருக்குதுங்க."

ராவுத்தர் சங்கடப்பட்டார். அந்தச் சந்தையில் விலையை வாயால் சொல்லுகிற வழக்கமில்லை. துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துத்தான் பேச வேண்டும். "அந்நியப் பொம்பளை கைய நான் எப்படிம்மா புடிக்கறது? அவரக் கூட்டிட்டு வாம்மா, வெரசா."

அவள் ஓடினாள். எங்கே போவது என்று யாரையும் கேட்கவில்லை. சாராயக்கடை மறைப்பின் ஓரமாக, சுவரில் சாய்ந்து தீர்த்தகிரி குந்தியிருந்தார். குடித்த கிளாஸ் காலடியில் உருண்டு கிடந்தது.

"எந்திரிங்க. பவானிக்காரரு கையக் குடுக்கப் போறாருங்க. செவலை போயிருமுங்க!" தோளைப் பிடித்து உலுக்கினாள். "அதுக்குச் சுழி இல்லீங்க. நீங்களுந்தான் தடவிப் பாத்தீங்கல்ல?"

அவர் எழுந்திருக்கவில்லை. தலைப்பாகையை அவிழ்த்து மடியில் வைத்தார். கட்டைவிரலை எச்சிலில் தொட்டுக்கொண்டு, தன் உச்சந்தலை மயிரை விலக்கி விலக்கித் தடவினார். பிறகு தலையை அவள் பக்கமாகக் குனிந்து காட்டினார்.