மான் சுடத் தோதான குண்டு

என் மனைவியின் தம்பி டெக்சாஸிலிருந்து ஒரு மாத லீவில் வந்திருந்தபோது, எங்கள் சேலையூர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மானைத் தவிர வேறு பேச்சே கிடையாது. மானைப் பற்றி என்றுகூடச் சொல்ல முடியாது. மானைச் சுடும் குண்டைப் பற்றி.

“லைட் புல்லட்னா மேலயே ஒடஞ்சிடும் மாமா. ஃபிஃப்டி ஃபைவ் கிரெயின் எல்லாம் நரிக்குத்தான். மானுக்கு மினிமம் சிக்ஸ்டி. அதுவும் பாண்டட்டா இருக்கணும்” என்பான். நான் ரசத்தை ஊற்றிக்கொள்வேன். கிரெயின் என்றால் குண்டின் எடையாம். பாண்டட் என்றால் உள்ளே இருக்கும் ஈயமும் மேலே போர்த்திய செம்பும் பிரியாமல் ஒட்டிக்கொண்டிருப்பதாம். நான் கேட்கவில்லை. அவனே சொன்னான், மூன்று முறை.

இவன் யார் என்று சொல்லிவிடுகிறேன். சிறுசேரியில் எட்டு வருடம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, அங்கிருந்து அமெரிக்காவுக்குப் போனவன். பாத்ரூமில் கரப்பான்பூச்சி இருந்தால் இன்றைக்கும் “அக்கா!” என்று கத்துகிறவன். அவனுடைய மேனேஜருக்கு அங்கே ஒரு பண்ணை இருக்கிறது. போன குளிர்காலத்தில் இவனையும் வேட்டைக்குக் கூட்டிப் போயிருக்கிறார். துப்பாக்கி மேனேஜருடையது, குண்டு மேனேஜருடையது, மான் மேனேஜருடைய காட்டில் மேய்ந்தது. விசையை அழுத்தியது மட்டும் இவன். அதற்கே இந்த உதார்.

அந்தத் துப்பாக்கியின் குழாயில் ஒரு பென்சில்கூட நுழையாதாம். அவ்வளவு சின்னக் குண்டால் மானைச் சுடலாமா, கூடாதா என்று அந்த ஊரில் பெரிய சண்டையே நடக்கிறது போல. இவனும் அதில் குதித்துவிட்டான். அடுத்த சீசனுக்கும் மேனேஜர் கூப்பிட்டிருந்தார். எந்தக் குண்டு வாங்குவது என்று எக்செல் ஷீட் போட்டு வைத்திருந்தான். எடை ஒரு பத்தி, வேகம் ஒரு பத்தி, எத்தனை அங்குலம் உள்ளே போகும் என்று ஒரு பத்தி. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வண்ணம் வேறு. பழைய ஆபீஸ் நண்பர்களின் வாட்ஸப் குழுவிலும் இதே பஞ்சாயத்துதான். அதில் ஒருத்தன், தண்ணி லாரிக்காரர் ஒரு சத்தம் போட்டால் லிஃப்டுக்குள் ஓடி ஒளிகிற ஆள், “வெயிட் மேட்டரே இல்ல மச்சான், ஸ்பீடுதான்” என்று வாய்ஸ் நோட்டில் தீர்ப்பு சொன்னான். துப்பாக்கியை என்.சி.சி. பரேடில்கூடத் தொட்டிருக்க மாட்டான்.

நான் குரோம்பேட்டையில் மட்டன் கடை வைத்திருக்கிறேன். இருபத்திரண்டு வருடமாக ஆடு அறுக்கிறேன். ஒரு உயிருக்குள் நெஞ்சு எங்கே, ஈரல் எங்கே, குடல் எங்கே என்பது கண்ணைக் கட்டிவிட்டாலும் என் கைக்குத் தெரியும். அந்த ஒரு மாதத்தில் அவன் என்னிடம் எத்தனையோ விளக்கினான். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கறிக்கடைக்காரனுக்கு என்ன தெரியும்!

வந்த அன்றைக்கே போனை நீட்டி ஒரு படத்தைக் காட்டினான். செத்த மானின் கொம்பைப் பிடித்துக்கொண்டு தொப்பியோடு மண்டியிட்டிருந்தான். “ஒரே ஷாட் மாமா. நின்ன எடத்துலயே விழுந்துடுச்சு” என்றான். படத்தைப் பார்த்த மாத்திரத்தில் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. கடைசி விலா எலும்புக்குப் பின்னால் ஒரு ஓட்டை. அதைச் சுற்றி முடியெல்லாம் பச்சையாக ஒட்டிக் கிடந்தது. காதுக்குக் கீழே இன்னொரு ஓட்டை. குண்டு வயிற்றில் பட்டு, மான் ஓடி, வெகுநேரம் கழித்து யாரோ பக்கத்தில் போய்க் காதுக்குக் கீழே சுட்டு முடித்துவைத்திருக்கிறார்கள். நான் “அப்படியா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தேன். அளந்து விடட்டும் என்று விட்டுவிட்டேன். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் அவன் குண்டைப் பற்றி வாயைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் ஒரே சிரிப்பு.

அவன் லீவு போட்டு வந்ததே பெண் பார்க்கத்தான். வயது முப்பத்தாறு. அம்மா அப்பா போன பிறகு அவனை வளர்த்தது என் மனைவி. ஏழெட்டு வரன் தட்டிப்போய், இந்த மேடவாக்கத்துப் பெண்தான் முதல்முறையாக அவனுக்கே பிடித்த பெண். ஒரு காலேஜில் பாடம் எடுக்கிறவள். மூன்று வாரமாக இருவரும் போனில் பேசிக்கொண்டிருந்தார்கள். இது அமைந்துவிட வேண்டும் என்று என் மனைவி செவ்வாய்க்கிழமைதோறும் விரதம் இருந்தாள். அவனும் பெண்ணின் பெயரைச் சொல்லும்போது மட்டும் குண்டை மறந்து, மனுஷன் மாதிரி இருந்தான். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பெண் வீட்டுக்குக் கிளம்பும் அன்று காலையில் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். “மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. அவங்க வீட்ல கேட்டா, நீங்க ஃபுட் லைன்ல இருக்கீங்கன்னு சொல்லிக்கலாமா?”

ஃபுட் லைன்! என் கடை ஈரலைத் தின்று வளர்ந்த உடம்பு அது. “சொல்லிக்கோப்பா” என்றேன். சட்டையை மாற்றிக்கொண்டு காரை எடுத்தேன்.

பெண்ணின் அப்பா ரிட்டையர்டு பேங்க் ஆபீசர், நல்ல மாதிரி. காபி கொடுத்தார்கள். பெண் எந்த அலட்டலும் இல்லாமல் வந்து எதிரே உட்கார்ந்தாள். “அங்க லீவு நாள்ல என்ன பண்ணுவீங்க தம்பி?” என்று அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். கோவிலுக்குப் போவேன், சமைப்பேன் என்று சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? பெண் பார்க்கப் போன வீட்டில் எவனாவது செத்த மானைக் காட்டுவானா? இவன் காட்டினான். அதுவும் போனில் இல்லை. அவர்கள் வீட்டு டிவியில், ஐம்பத்தைந்து அங்குலத்தில். பிறகு குண்டைப் பற்றிப் பத்து நிமிடம் வகுப்பு. பெண்ணின் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பெண் மட்டும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “ரொம்ப கஷ்டப்பட்டுச்சா?” என்று கேட்டாள்.

“சேச்சே. ஒரே ஷாட். கரெக்டான புல்லட் போட்டா வலியே தெரியாது. ஒரு செகண்ட்கூட கஷ்டப்படல.”

அப்போது அந்த அப்பா என் பக்கம் திரும்பி, “சார் என்ன பண்றீங்க?” என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் இவன் முந்திக்கொண்டான். “மாமா ஃபுட் லைன்ல இருக்காரு அங்கிள்.”

நான் எழுந்துவிட்டேன். என் மனைவி என் சட்டையின் நுனியைப் பிடித்து இழுத்தது தெரிந்தது. டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

“நான் குரோம்பேட்டைல கறிக்கடை வெச்சிருக்கேன் சார். ஆடு அறுக்கறவன். இத்தப் பாருங்க. கடைசி விலாவுக்குப் பின்னால ஓட்டை கீது பாருங்க. சுத்தி பச்சையா வழிஞ்சிருக்கறது மான் தின்ன தழை. குண்டு வயித்துல பட்டுருக்கு. வயித்துல பட்ட எந்த உசுரும் நின்ன எடத்துல விழாது. ஓடும். ரொம்ப நேரம் ஓடும். காதுக்குக் கீழ இன்னொண்ணு கீது பாருங்க, அது கிட்டப் போயி முடிச்சுவெச்சது.” அவன் பக்கம் திரும்பினேன். “ஒரே ஷாட்டுன்னியே. இதுல உன்னுது எதுடா?”

டிவியில் அவன் சிரித்துக்கொண்டிருந்தான், சோபாவில் அவன் முகம் வெளிறிப்போயிருந்தது. பெண் இப்போது படத்தைப் பார்க்கவில்லை, அவனைப் பார்த்தாள். ஒரு பதில் வரும் என்று நிஜமாகவே காத்திருந்தாள். அவன் ரிமோட்டைத் தேடி டிவியை அணைத்தான். அவள் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மரியாதைக்குக் கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டுக் கிளம்பினோம்.

திரும்பி வரும்போது செம்பாக்கத்துக்கு முன்னால் வழக்கம்போல டிராபிக். முன்னால் ஒரு தண்ணி லாரி ஒழுகிக்கொண்டு நின்றது. பின் சீட்டில் என் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். நான் உள்ளபடி சொல்கிறேன், எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. உண்மையைச் சொன்ன நிம்மதி என்று நினைத்துக்கொண்டேன்.

பக்கத்துச் சீட்டில் அவன் போன் அதிர்ந்தது. படித்துவிட்டுக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டான்.

“என்னடா?” என்றாள் அக்கா.

“வேணாம்னு அந்தப் பொண்ணே சொல்லிட்டாங்கக்கா. வேட்டைக்குப் போனது பிரச்சினை இல்லையாம். அவங்க மூஞ்சியப் பாத்து பொய் சொன்னதுதான்.”

லாரி ஒரு அடி நகர்ந்து நின்றது. அவன் ரோட்டையே பார்த்துக்கொண்டு பேச ஆரம்பித்தான்.

“ஒன்றரை மணி நேரம் மாமா. ரத்தத்தப் பாத்துக்கிட்டே பின்னாடி போனோம். ஒரு எடத்துல படுத்திருந்துச்சு. எழுந்திரிக்கப் பாத்துச்சு, முடியல. என்னைத்தான் பாத்துச்சு. மேனேஜர் என் கைல துப்பாக்கியக் குடுத்தாரு, நான் மாட்டேன்னுட்டேன். அவருதான் சுட்டாரு. அப்புறம் தொப்பியப் போட்டு போட்டோ எடுத்தாங்க. அன்னிக்குப் போட்டது லைட் குண்டு மாமா. அதனாலதான் அப்டி ஆச்சுன்னு நெனச்சேன். வேற குண்டு போட்டிருந்தா ஒடனே செத்திருக்கும்னு. தெனம் நைட்டு அதத்தான் படிக்கறேன்.”

“எந்தக் குண்டு போட்டாலும் அந்த எடத்துல பட்டா அப்டித்தான் ஆவும்” என்றேன். என் குரல் எனக்கே நன்றாக இல்லை.

அவன் தலையை ஆட்டினான். பிறகு கேட்டான். “நீங்க எப்பக் கண்டுபுடிச்சீங்க மாமா? இன்னிக்கு டிவில பாத்தப்பவா?”

பொய் சொல்லியிருக்கலாம். “நீ வந்த அன்னிக்கே” என்றேன்.

அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன், சரியாகிப் போயிருக்கும். அவன் மெதுவாகச் சொன்னான்: “அன்னிக்கே என்னத் தனியாக் கூப்ட்டு சொல்லியிருக்கலாமே மாமா. யார்கிட்டயாவது சொல்லிடணும்னு ஒரு வருஷமாத் தவிச்சுக்கிட்டிருக்கேன்.”

லாரி நகர்ந்துவிட்டது. பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. நான் கியர் போடாமல் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடியில் என் மனைவி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கல்யாணமான இத்தனை வருடத்தில் அப்படிப் பார்த்ததில்லை. அவனைக் கேவலமாக நினைத்துக்கொண்டிருப்பது எனக்கு ஒரு மாதம் சுகமாக இருந்தது. அதனால்தான் சொல்லவில்லை. அதை அவனிடம் எப்படிச் சொல்வது?