படத்துக்குக் காட்டிய தாடை

அமெரிக்காவின் டுலூத் நகரத்தில் பள்ளிக்கூட பஸ் ஓட்டும் மார்லிஸுக்குப் பிறவியிலேயே கீழ்த்தாடை உள்வாங்கியிருந்தது. சின்ன வயதில் பையன்கள் கேலி செய்ததிலிருந்து, ஆள் எதிரே வந்தாலே தாடையை முன்னால் தள்ளிக்கொள்வாள். கல்யாணப் போட்டோவிலும் அப்படித்தான். நாளாக நாளாக அவள் தள்ளவே வேண்டியிருக்கவில்லை, அதுவாகவே போய் நின்றுகொண்டது.

அழகுக்குத்தான் குறை என்றால் தொலையட்டும் என்று விட்டிருப்பாள். தூக்கத்தில் மூச்சு அடைத்தது, பகலில் கண் சொக்கியது. ஒரு நாள் சிக்னலில், பஸ் நிறையப் பிள்ளைகளோடு, ஸ்டியரிங் மேலேயே தூங்கிப்போனாள். சாவியைப் பிடுங்கிக்கொண்டார்கள். தாடையை வெட்டி முன்னே நகர்த்தினால் மூச்சுக்கு வழி கிடைக்கும், மறுபடி ஓட்டலாம் என்றார் டாக்டர் ஆஸ்ட்பி.

இப்போதெல்லாம் கம்ப்யூட்டரில் வெட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஆளை வெட்டுகிறார்கள். ஆபரேஷனுக்கு முந்தின வாரம் அவளையும் கணவன் வெண்டலையும் திரை முன்னால் உட்காரவைத்தார் டாக்டர். கொஞ்சம் நகர்த்தினால் போதுமாம், நகர்த்திய தாடையைச் சரியான இடத்தில் நிறுத்த, அந்த அளவுக்குப் பல்லில் மாட்டும் அச்சும் தயாராம். அவர் உற்சாகமாகச் சொல்லச் சொல்ல, மார்லிஸ் திரையையே உற்றுப் பார்த்தாள். ஸ்கேனில் எடுத்த அவளுடைய மண்டையோடு, திரையில் சுழன்றபடி, தாடையை நீட்டிக்கொண்டிருந்தது. பாவி மகள், ஸ்கேன் மெஷினுக்கும் போஸ் கொடுத்திருக்கிறாள்! கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும், காட்டியதை நம்பிவிட்டது.

பேசாமல் இருந்தால் இந்தப் பொய் அளவுக்குத்தான் வெட்டுவார்கள், மூச்சு அடைத்தபடியே கிடக்கும். சொன்னாலோ, இங்கேயே, வெண்டல் கண்ணெதிரே தாடையைத் தளரவிட்டுக் காட்ட வேண்டும். அவன் அந்த முகத்தைப் பார்த்ததே இல்லை என்றுதான் இத்தனை வருஷமும் நம்பியிருந்தாள். வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது.

"டாக்டர், அது என் தாடை இல்ல. நான் தள்ளி வச்சிருக்கேன்."

டாக்டருக்கு முகம் வாடிவிட்டது. செய்த அச்சு வீண், எல்லாம் முதலிலிருந்து. நாற்காலியைச் சாய்த்துத் தாடையைத் தளரவிடச் சொன்னார். வரவில்லை. அத்தனை வருஷப் பழக்கம் லேசில் விடுமா? அவர் மோவாயைப் பிடித்து மெல்ல அசைத்து அசைத்துப் பார்க்க, கடைசியில் அது பின்னால் போய் விழுந்தது. மார்லிஸ் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"வெண்டல், நீ அந்தப் பக்கம் திரும்பிக்கோ."

அவன் திரும்பவில்லை.

"எதுக்குடி? தினம் ராத்திரி நீ தூங்கினப்புறம் இந்த மூஞ்சியத்தான பாத்துட்டு உக்காந்திருக்கேன், அடுத்த மூச்சு வருதா வருதான்னு."