பொறுப்பில் உள்ள தாய்

ஸ்பானிஷ் வரித் தாள்களை ஆங்கிலமாக்கித் தருவது துபாயில் என் பிழைப்பு. அதில் என்னைப் படுத்தி எடுக்கும் பகுதி குடும்பம்தான். பெற்றோரை ‘அசெந்தியெந்தே’ என்பார்கள். அதை அப்படியே ‘அசென்டன்ட்’ என்று எழுதிவைத்தால், லக்னம் என்று நினைத்து நம் ஆட்கள் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

சென்ற வருடம், ஜெபல் அலி துறைமுகத்தில் கப்பல் இன்ஜின் பழுதுபார்க்கும் ஒருவர் தன் அம்மாவுடன் வந்தார். குளச்சல் பக்கத்துக்காரர்கள். ஸ்பெயினில் வேலை பார்த்தபோதும் அம்மாவைக் கூடவே வைத்திருந்தவர். இங்கே அம்மாவின் விசிட் விசா முடிய ஒரு வாரம்தான் இருந்தது. மகன்தான் பராமரிக்கிறார் என்று காட்டினால் தங்கும் விசா கிடைக்கும். இல்லையென்றால் ஊரில் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு அவர் தனியாகப் போக வேண்டும். அந்த ஸ்பானிஷ் வரித் தாள்தான் சாட்சி.

மகன் அவசரத்தில் அதை ஃபோனிலேயே மொழிபெயர்த்து விசா அலுவலகத்தில் கொடுத்திருந்தார். தாளில் அம்மா பெயருக்கு நேராக இருந்த ‘அ கார்கோ’ என்றால் இன்னொருவர் பராமரிப்பில் இருப்பவர். ஃபோன் அதை ‘இன் சார்ஜ்’ ஆக்கிவிட்டது. அம்மாதான் மகனைக் காப்பாற்றுகிறார் என்று விஷயம் தலைகீழாகி, விண்ணப்பம் திரும்பிவிட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“முதல்லயே என்கிட்ட வந்தா என்ன சார், குறைஞ்சா போயிடுவீங்க?”

அவர் தலையைச் சொறிந்தார். அம்மா விடவில்லை.

“அதுல என்ன தப்பு மக்ளே? இப்பமும் சோறு பொங்கிப் போடுகது நான். மருந்து தின்னியான்னு கேக்கது நான். பொறுப்பு எனக்குத்தான?”

சிரித்துவிட்டேன். பிறகு ‘டிபென்டன்ட் மதர்’ என்று டைப் செய்தேன்.

“இப்ப என்ன எழுதுன? தமிழ்ல சொல்லு.”

“மகன்கூட இருக்கிற அம்மான்னு,” என்று மழுப்பினேன்.

“அது எனக்குத் தெரியாதா? உள்ளதச் சொல்லு.”

“மகன் கையை எதிர்பார்த்து இருக்கிற அம்மான்னு.”

அம்மாவின் முகம் சுருங்கிப்போனது. எனக்குச் சங்கடமாக இருந்தது.

“வேற வார்த்தை போடுங்க மேடம்,” என்றார் மகன்.

மரியாதையான வார்த்தைகள் நாலைந்து இருந்தன. எதைப் போட்டாலும் தாள் மறுபடி திரும்பும். அதைச் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் கைப்பையின் வாரைத் தடவிக்கொண்டிருந்தார்.

“அதையே எழுது மக்ளே. இவன் அப்பா போன பொறவு, அந்த வீட்டுல ஒத்தையில கெடக்க எனக்குப் பயமாக்கும். இவன்கிட்ட சொன்னதில்ல.”

மகன் நாற்காலியை அம்மா பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்த வார்த்தையை அப்படியே விட்டு, பிரின்ட் கொடுத்தேன்.