பன்னிரண்டு ஐந்துக்கு ஓடிய ஜாப்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். ஞாயிறு பூசைக்குப் போவேன், அத்தோடு சரி. நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, இது நடந்தது, அதுவும் பட்டப்பகலில்.

முதுநகரில் வீட்டிலிருந்தபடியே ஓர் அமெரிக்க மருத்துவமனையின் மெயின்ஃப்ரேம் என்ற பெரிய கம்ப்யூட்டரைக் கவனிப்பது என் வேலை. அங்கே ஊர் தூங்கும்போது, அதாவது நமக்குப் பகலில், அது ஜாப் என்று நாங்கள் சொல்லும் புரோகிராம்களை வரிசையாக ஓட்டிக்கொண்டிருக்கும். அதில் ஒன்று, காலையில் டயாலிசிஸ் நோயாளிகள் யார் யார் வீட்டுக்கு வண்டி போக வேண்டும் என்று பட்டியல் போடும். நம் நேரம் பன்னிரண்டரைக்குள் அது ஓடவில்லை என்றால் ஒரு வண்டியும் கிளம்பாது.

அன்று காலை அந்த ஜாப்பின் ஃபைலில் ஏதோ கோளாறு, சரிசெய்து சொல்கிறோம் என்றார்கள் மருத்துவமனைக்காரர்கள், அதுவரை ஓடாதபடி ஜாப்பை ஹோல்டில் போட்டேன். எங்கள் டீமில் ஹோல்டில் போட்டவர்தான் அதை எடுத்து ரிலீஸ் செய்ய வேண்டும், சொல்லாமல் மற்றவர் தொடமாட்டார்கள். ரிலீஸ் செய்தால் கம்ப்யூட்டர் பதிவில் காரணமும் நேரமும் ஒரு வரி எழுத வேண்டும். நான் எப்போதும் மேஜைக்கு மேலே இருக்கும் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துத்தான் எழுதுவேன்.

பதினொரு மணிக்கு ஷிப்டை, காடாம்புலியூரில் தன் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் செந்திலிடம் கொடுத்தேன். சிதம்பரத்தில் நாத்தனார் மகளுக்கு நிச்சயம், வீட்டுக்காரர் வாசலில் நின்று கத்துகிறார். அந்த நேரம் பார்த்துக் கடிகாரம் நின்றிருந்தது, அவசரமாகப் புது செல் போட்டு, முள்ளை ஒரு திருப்பு திருப்பி மாட்டினேன். லேப்டாப்பை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுக் கிளம்பினோம். ஹோல்டைப் பற்றி செந்திலிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாவி, அடியோடு மறந்துவிட்டேன்.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி மணி பார்க்கிறேன், ஒன்று. அப்போதுதான் அந்த ஜாப் நினைவுக்கு வந்தது. உடனே செந்திலுக்குப் போன் போட்டேன்.

“இன்னாக்கா, விசேஷ வீட்ல சாப்பாடு முடிஞ்சிதா?”

“டேய், அந்த வண்டி ஜாப்பு ஹோல்டுல கெடக்குதுடா!”

“அதான் பன்னெண்டு அஞ்சுக்கு நீங்களே ரிலீஸ் பண்ணிட்டீங்களே. நல்லபடியா முடிஞ்சி, லிஸ்ட்டும் போயிடிச்சி. வெளாடுறீங்களா?”

பன்னிரண்டு ஐந்துக்கு நான் பஸ்ஸில் ஜன்னலோரம் தூங்கிக்கொண்டிருந்தேன். சாட்சி வேண்டுமென்றால் என் வீட்டுக்காரர் இருக்கிறார். எப்படியோ வண்டிகள் கிளம்பிவிடும் என்ற நிம்மதியில் அங்கேயே அழுதுவிட்டேன், அப்புறம்தான் யார் ரிலீஸ் செய்தது என்று யோசித்தேன். செந்தில்தான் செய்திருப்பான் என்று சண்டைகூடப் போட்டேன். அவனிடம் என் பாஸ்வேர்ட் கிடையாது. ஆபீசில் உண்மையைச் சொன்னேன், விசாரித்துவிட்டு, ரிலீஸ் ஆனது உங்கள் லேப்டாப்பிலிருந்து, உங்கள் வீட்டு இன்டர்நெட்டில்தான் என்று முடித்துவிட்டார்கள்.

இதெல்லாம்கூடப் போகட்டும். அன்று சாயங்காலம் வீடு திரும்பியதும் லேப்டாப்பை எடுத்துப் பதிவைத் திறந்து பார்த்தேன். சிஸ்டம் காட்டிய நேரம் 12.05. ‘ஃபைல் சரியாகிவிட்டது’ என்ற காரணத்தோடு கையால் தட்டியிருந்த நேரம் 12.25. யாரோ தப்பாகத் தட்டியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

ஆனால் நாங்கள் வந்து திறக்கும்வரை வீடு பூட்டியபடிதான் இருந்தது, பீரோவும் அப்படியே. தலை நிமிர்ந்து சுவரைப் பார்த்தேன். நான் அவசரத்தில் திருப்பிய கடிகாரம் சரியாக இருபது நிமிடம் முந்தி ஓடிக்கொண்டிருந்தது.

இன்னும் அதைத் திருத்தவில்லை. திருத்தக் கை வரவில்லை.