கதிர் சிகிச்சை நின்றுபோன காலை

கல்கத்தாவை ஒட்டிய நியூ டவுனில் ஒரு புற்றுநோய் மருத்துவமனையின் கணினிப் பிரிவில் நான் வேலை பார்த்தபோது நடந்தது இது. காலை ஏழேகால் மணிக்கு, நான் பஸ்ஸில் இருக்கும்போதே, கதிர்வீச்சுப் பிரிவின் இயற்பியலாளரிடமிருந்து போன் வந்தது. என்னைவிடப் பத்து வயது மூத்த வங்காளிப் பெண். எல்லோருக்கும் அவர் தீதிதான், அதாவது அக்கா.

"ஸ்க்ரீன் அப்படியே நின்னுபோச்சு. முதல் பேஷன்ட்டை டேபிள்ல படுக்க வெச்சாச்சு. நீ எங்கே இருக்கே?" என்று வங்காள மொழியில் கேட்டார்.

எந்த நோயாளிக்கு எந்தக் கோணத்தில் எவ்வளவு கதிர் என்ற திட்டமெல்லாம் ஒரு மெய்நிகர் கணினியில் இருந்தது. அதற்கென்று தனிப் பெட்டி கிடையாது. எங்களிடம் இருந்த மூன்று பெரிய சர்வர்களுக்குள் மென்பொருளால் உருவான பல கணினிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றில் இதுவும் ஒன்று. இது இல்லாமல் சிகிச்சை இயந்திரம் அசையாது.

போய்ச் சேர்ந்ததும் அந்த மெய்நிகர் கணினியை அணைத்துத் திரும்பப் போட்டேன். அணைந்தது. திரும்ப வரவில்லை. அதன் டிஸ்க் கோப்பு பூட்டப்பட்டிருக்கிறது, திறக்க முடியாது என்று திரையில் செய்தி வந்தது. இரண்டு கணினிகள் ஒரே டிஸ்க்கில் எழுதினால் உள்ளே இருப்பது நாசமாகிவிடும். அதனால் முதலில் திறப்பது எதுவோ, அது ஒரு பூட்டைப் போட்டுக்கொள்ளும். அந்தப் பூட்டை யாரோ இன்னும் விடவில்லை.

தீதியிடம் சொல்வதற்காகச் சிகிச்சை அறைப் பக்கம் போனேன். வெளியே நாற்காலிகள் நிறைந்திருந்தன. ஒரு பெரியவர் என் அடையாள அட்டையில் இருந்த பெயரைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். வங்கியில் ஓய்வுபெற்றவர், ஐம்பது வருஷமாகக் கல்கத்தாதான் என்றார்.

"நீங்க தமிழாம்மா? இன்னும் எத்தனை நாழியாகும்? தண்ணி குடிச்சு முக்கால் மணியாறது."

அவருக்கு ப்ராஸ்டேட்டில் புற்று. கதிர் கொடுக்கும்போது சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும். அதனால் தினமும் குறித்த நேரத்தில் தண்ணீர் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு காத்திருப்பார்.

"அரை மணி ஆகலாம் சார்" என்றேன். எந்தக் கணக்கும் இல்லாமல் சொன்னது.

பூட்டைத் தோண்டிப் பார்த்தால், அதைப் பிடித்திருக்கும் சர்வரின் நெட்வொர்க் எண் கிடைக்கும். பார்த்தேன். மூன்றாவது சர்வர். அதை ஒருமுறை அணைத்துப் போட்டால் பூட்டு விட்டுப்போகும். ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவின் கணினியும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் கணினியும் அதே சர்வரில்தான் ஓடிக்கொண்டிருந்தன. கை வைக்க முடியாது.

சர்வீஸ் நிறுவனத்துக்குப் போன் செய்தேன். எடுத்தவர் அலட்டிக்கொள்ளாமல் இந்தியில் சொன்னார். "அந்தப் பூட்டு ஃபைலை டிலீட் பண்ணிடுங்க மேடம். எல்லாரும் அதைத்தான் பண்றாங்க."

நான் அந்தக் கட்டளையை அடித்தும்விட்டேன். என்டர் மட்டும் தட்டவில்லை. நிஜமாகவே யாரோ அந்த டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருந்தால்? வெளியே உட்கார்ந்திருந்த அத்தனை பேரின் திட்டங்களும் அதில்தான் இருந்தன. அடித்ததை அழித்துவிட்டு, மூன்றாவது சர்வரில் என்னென்ன ஓடுகிறது என்று ஒவ்வொன்றாகப் படித்தேன். ஐந்தாவது வரியில், எல்லாவற்றையும் நகல் எடுத்துவைக்கும் பேக்கப் கணினி இருந்தது.

முந்தைய நாள் மாலை பேக்கப் ஓடும்போது கதிர்வீச்சுப் பிரிவில் திரை மெதுவாக இருக்கிறது என்றார்கள். நான்தான் அதைப் பாதியில் நிறுத்தினேன். வீட்டுக்குப் போக வாடகைக் கார் கீழே வந்து காத்திருந்தது. பேக்கப் சரியாக நின்றதா என்று பார்க்காமல் கிளம்பிவிட்டேன்.

பேக்கப் கணினியின் அமைப்பைத் திறந்தேன். அதற்குச் சொந்தமான டிஸ்க்குக்குக் கீழே இன்னொரு டிஸ்க் தொற்றிக்கொண்டிருந்தது. கதிர்த் திட்டங்கள் இருந்த எங்கள் டிஸ்க். நகல் எடுப்பதற்காக மாட்டியதை அது கழற்றவே இல்லை. மணி பத்து.

தீதி எனக்குப் பின்னால் வந்து நின்றார். "என்ன, கிடைச்சுதா?"

"பேக்கப் மெஷின் பிடிச்சு வெச்சிருக்கு" என்றேன். பேக்கப்பை நிறுத்தியது யார் என்று சொல்லவில்லை.

அந்த டிஸ்க்கைக் கழற்ற வேண்டும். கழற்றும் பொத்தானுக்குப் பக்கத்திலேயே ஒரு சிறிய கட்டம் இருந்தது. அதில் டிக் விழுந்தால் டிஸ்க்கோடு கோப்புகளும் அழிந்துவிடும். எனக்கு என் கண்ணின் மேலேயே நம்பிக்கை இல்லை. தீதியை அந்த டிஸ்க்கின் பெயரை வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். படித்தார்.

"கட்டத்துல டிக் இருக்கா?"

"இல்லை."

"இன்னொரு தரம் பாருங்க."

"இல்லைம்மா. அமுக்கு."

அமுக்கினேன். பூட்டு விடுபட்டது. கணினியைப் போட்டதும் கறுப்புத் திரை வந்தது. வெகுநேரம் கறுப்பாகவே இருந்தது. பிறகு மெல்ல உயிர் வந்து, உள்ளிருந்த தகவல்களைத் தானே சரிபார்க்கத் தொடங்கியது. பன்னிரண்டு மணிக்கு அது முடிந்த பிறகும் தீதி இயந்திரத்தைத் தொட விடவில்லை. அச்சிட்ட திட்டத் தாள்களை எடுத்துவந்து திரையோடு ஒப்பிட்டார். "ஒரு நம்பர் மாறியிருந்தாலும் நான் யாரையும் உள்ளே விடமாட்டேன்" என்றார்.

நான் வெளியே வந்தேன். பெரியவர் அதற்குள் இரண்டு முறை கழிவறைக்குப் போய்வந்து, இரண்டு முறை மறுபடி தண்ணீர் குடித்திருந்தார். இப்போது முழங்கால்களை ஒட்டவைத்துக் குனிந்து உட்கார்ந்திருந்தார். நெற்றியெல்லாம் வேர்வை.

அங்கே வேறு யாருக்கும் தமிழ் புரியாது. அந்தத் தைரியத்தில்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். "சார், தப்பு என்னோடது. நேத்து நான் ஒரு வேலையைப் பாதியிலே விட்டுட்டுப் போயிட்டேன். அதனாலதான் இதெல்லாம்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அது எனக்கெதுக்கும்மா? என்னால இனிமே அடக்க முடியாது. போயிட்டு வந்தா மறுபடி குடிக்கணுமா, வேண்டாமா? அதைக் கேட்டுச் சொல்லுங்கோ, போதும்."

ஓடிப்போய்க் கேட்டேன். "குடிக்கச் சொல்லு, அரை மணியில எடுக்கிறேன்" என்றார் தீதி. இந்த முறை சொன்ன நேரம் தவறவில்லை. ஒன்றரை மணிக்கு அவரை உள்ளே கூப்பிட்டார்கள். கதவுக்கு மேலே, கதிர் பாய்வதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது.

கடைசி நோயாளி போன பிறகு, பேக்கப்பை நிறுத்தியது நான்தான் என்று தீதியிடம் சொன்னேன். அவர் தாள்களை அடுக்குவதை நிறுத்தவில்லை.

"உனக்கு எப்போ தெரிஞ்சுது?"

"பத்து மணிக்கு."

"அப்பவே சொல்லியிருக்கணும். நீ மறைக்கிறது தெரியாமத்தான் நான் உன்னை நம்பி அமுக்குன்னு சொன்னேன்."



மேலதிகாரிக்கு எழுதிய அறிக்கையில் 'பேக்கப்பை நான் இடையில் நிறுத்தினேன்' என்று போட்டிருந்தேன். அவர் அதை 'பேக்கப் இடையில் நின்றுவிட்டது' என்று திருத்தி அனுப்பினார். எனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்திருப்பார். நான் பழையபடியே மாற்றித் திருப்பி அனுப்பினேன். அதற்குமேல் அவர் அதைத் தொடவில்லை.

அதன் பிறகு தீதி என்னிடம் வேலை விஷயம் மட்டும் பேசினார். மூன்றாவது வாரம் ஒரு மத்தியானம் என் அறை வாசலில் நின்று, "டீ குடிக்கப் போறேன், வரியா?" என்று கேட்டார். போனேன். எதிர்ப்பக்கக் கடையில் மண் குவளையில் டீ குடித்தோம். அவர் தன் பெண்ணின் பரீட்சையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.