பூ வைத்த கம்பளிப் பை

திருப்பூரில் துணி சுருங்கிவிட்டால், வீட்டில் இழவு விழுந்த மாதிரி எல்லோரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்வார்கள். அப்படிப்பட்ட ஊரில், வேண்டுமென்றே சுருக்க வேண்டிய ஒரு பையைச் செய்து தரும்படி எங்கள் கம்பெனிக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு சாம்பிள் வந்தது. இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நான் நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் சாம்பிள் தைத்துக்கொண்டிருந்தேன்.

வந்த பை சாம்பல் நிறக் கம்பளி. போர்வையைவிடத் தடிப்பு. பின்னிய பை என்று சொன்னார்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் ஒரு கண்ணி தெரியவில்லை. மேலே கம்பளியிலேயே வெட்டித் தைத்த பூக்கள். எங்கள் முதலாளியம்மா பொங்கலூர்ப் பக்கம் தோட்டம் வைத்து விவசாயம் செய்கிற வீட்டுப் பெண். பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் தந்தார். "ஏங்கண்ணு, நீ பள்ளிக்கூடத்துல கையில பின்னப் படிச்சவதானே? இதையும் ஒரு கை பாத்துரு."

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சிஸ்டர்மார் இரண்டு ஊசியைக் கையில் கொடுத்துப் பின்ன வைத்தது உண்மைதான். திருநெல்வேலி வெயிலில் கம்பளி மப்ளர் பின்னி யார் கழுத்தில் போடுவது என்று அப்போதே எனக்கு எரிச்சல். அந்த வித்தை இங்கே வந்து உதவும் என்று யார் கண்டது.

முதலில் காதர்பேட்டையில் உல்லன் நூல் என்று விற்பதை வாங்கிப் பின்னி, கொதிக்கிற தண்ணீரில் போட்டேன். எண்ணெய் தேய்த்துக் குளித்த பிள்ளை மாதிரி பளபளவென்று வந்ததே தவிர, நூலளவும் சுருங்கவில்லை. அதில் ஆட்டு மயிர் பேருக்குக்கூடக் கிடையாது, எல்லாம் ரசாயனம் என்று பிறகுதான் தெரிந்தது. சரக்கு வாங்கவிருந்த வெளிநாட்டு பையர் அசல் கம்பளி நூலையும் தடித்த மூங்கில் ஊசிகளையும் அனுப்பிவைத்தார். கண்ணிகளைத் தளர்வாக விட்டு, தேவைக்கு மேல் பெரிதாகப் பின்ன வேண்டும். பிறகு துணி சுருங்குகிறதா என்று சோதிக்கிற வாஷிங் மெஷினில் சுடுதண்ணீரும் சோப்பும் விட்டு, உரசுவதற்குப் பழைய ஜீன்ஸ் துண்டுகளையும் சேர்த்துச் சுற்றவிட வேண்டும். வெளியே எடுத்தபோது என் கையையே என்னால் நம்ப முடியவில்லை. பின்னல் மறைந்து, ஒரே தகடாகிக் கிடந்தது. கத்தரிக்கோலால் வெட்டினாலும் ஓரம் பிரியவில்லை.

அந்த ஆர்டர் கடைசியில் வரவே இல்லை. மிஞ்சிய நூல் ரேக்கின் மேல் தூசி படிந்து கிடந்தது.

அதே சமயத்தில்தான் அப்பாவுக்கு டியூப் போட்டார்கள். அப்பா எங்களுக்கு முன்னாலேயே திருப்பூருக்கு வந்து, வெள்ளைத் துணிக்கு பிளீச்சிங் போடுகிற பட்டறையில் காலம்பூராவும் வேலை பார்த்தவர். சிறுநீர் அடைத்துக்கொண்டது. ஆபரேஷனைத் தாங்க இதயம் ஒத்துழைக்காது, டியூப்போடு இருந்துகொள்ளட்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். டியூபின் நுனியில் ஒரு பிளாஸ்டிக் பை. அதை ஜவுளிக்கடைத் துணிப்பை ஒன்றில் போட்டுக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார். சிறுநீர்ப் பை எப்போதும் இடுப்புக்குக் கீழேதான் தொங்க வேண்டும். அதனால் ஒளிக்கவும் வழியில்லை.

தங்கையின் நிச்சயத்துக்கு மாப்பிள்ளை வீட்டுக்குப் போனோம். நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பாவின் காலடியில் அந்தத் துணிப்பை. அதில் மஞ்சளாக ஈரம் ஊறியிருந்தது. அந்த வீட்டுச் சின்னப் பிள்ளை ஒன்று குனிந்து பார்த்துவிட்டு, "தாத்தா, பைக்குள்ள ஜூஸா?" என்று சத்தமாகக் கேட்டது. யாரோ சிரித்தார்கள். யாரோ பிள்ளையை இழுத்துக்கொண்டு போனார்கள். அப்பா டம்ளரைக் கீழே வைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டார். "கல்யாணத்துக்கு நான் வரல. அவ மாமன் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகட்டும்."

எங்களில் கல்யாணம் மாதா கோயிலில். வாசலிலிருந்து பீடம் வரைக்கும் பெண்ணின் கையைப் பிடித்து அப்பாதான் அழைத்துப் போவார். எல்லோரும் எழுந்து நிற்பார்கள், பாட்டுப் பாடுவார்கள். சின்ன வயதிலிருந்தே தங்கைக்கு அந்த நடைமேல் ஒரு பைத்தியம். நகையைப் பற்றிக்கூட அவள் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அப்பா சொன்னதைக் கேட்டுச் சுவரோரம் உட்கார்ந்து அழுதாள்.

"ஊர் வாய மூட ஒலமூடி கெடையாதுங்க. சிரிக்கவன் சிரிச்சிட்டுப் போறான்" என்றாள் அம்மா.

"சிரிக்கது என்னையப் பாத்து இல்லட்டி. எம்மகளப் பாத்துல்லா சிரிப்பானுவ."

அதற்குமேல் அவரிடம் பேசிப் பயனில்லை. அப்போதுதான் எனக்கு ரேக்கின் மேல் கிடந்த கம்பளி நினைவு வந்தது. அந்தத் தடிப்புக்குள் வைத்தால் ஈரம் வெளியே தெரியாது, பிளாஸ்டிக் சரசரக்காது. முதலாளியம்மாவிடம் கேட்டேன். "எடுத்துக்க கண்ணு. இங்க கெடந்தா பூச்சிதான் அரிக்கும். அப்பாவ எப்படியாச்சும் கூட்டீட்டுப் போயிருங்க" என்றார். மெஷினையும் போட்டுக்கொள்ளச் சொன்னார்.

பின்னி முடித்த பையை முதலில் வீட்டுக்கு எடுத்துப் போனேன். அப்பா அதைத் தன் மார்புக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். முழங்கால் வரை தொங்கியது.

"ஏட்டி, இது எனக்கா, எரும மாட்டுக்கா?"

"இது சுருங்கும்ப்பா. சுருக்கித்தான் கொண்டு வருவேன்."

"சுருங்கப்படாது சுருங்கப்படாதுன்னு உயிர விட்டவன் வீட்ல, சுருக்கதுக்குன்னே ஒரு பையா!" என்று சிரித்தார். டியூப் போட்ட பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

பூ எதுவும் வேண்டாம், மொட்டையாக இருந்தால் போதும் என்றார். தங்கை விடவில்லை. மெஷினிலிருந்து வந்த பிறகு, மிஞ்சிய வெள்ளைக் கம்பளியையும் சுருக்கி, அதில் பூக்களாக வெட்டி, தன் கல்யாணப் புடவைக்குப் பொருத்தமாக நடுவில் ஜரிகை நூல் வைத்து அவளே தைத்தாள். "மூத்திரத்துக்குப் பூ வச்ச மொத ஆளு நாந்தான்" என்றார் அப்பா. ஆனால் பை அவருக்குப் பிடித்துவிட்டது. பட்டறையில் துணியைப் பார்க்கிற மாதிரி இரண்டு கையாலும் நெடுக்கேயும் குறுக்கேயும் இழுத்துப் பார்த்தார். கட்டைவிரலால் தேய்த்தார்.

"கெட்டியாயிருக்கு. ஒருக்கா சுருங்குனது அதோட சரி. இனி எங்கயும் போகாது" என்றார்.

பனியன் துணிக்கு அது சத்தியமான பேச்சு. ஒரு முறை நன்றாகச் சுருக்கி எடுத்துவிட்டால் பிறகு சுருங்காது. ஊரே அந்த நம்பிக்கையில்தான் சரக்கு அனுப்புகிறது. அன்று என்னைக் கேட்டிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

அன்று சாயங்காலம் எங்கள் லைன் வீட்டுக்குள்ளேயே ஒத்திகை நடந்தது. அப்பா இடது கையில் பையும் வலது கையில் மகளுமாக வாசற்படியிலிருந்து அடுப்படி வரை நடந்தார். இருந்த இடமே நாலு எட்டு. தங்கை அவரை இழுத்துப் பிடித்தாள். "மெதுவாப்பா. பாட்டு முடியதுக்கு முன்னால போய் நிக்கக்கூடாது." மறுபடி வாசலுக்குப் போய் மறுபடி நடந்தார்கள். அம்மா தாளிப்பதை விட்டுவிட்டு, கையில் கரண்டியோடு எழுந்து நின்று பார்த்தாள்.

அதன் பிறகு அப்பா அந்தப் பையோடு டீக்கடைக்குப் போய்வர ஆரம்பித்தார். பைக்குள் என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. பெண் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கப் போகிறாரா என்று ஒருவர் கேட்டாராம். அதை எங்களிடம் வந்து சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் நாங்கள் பூ வாங்க மார்க்கெட்டுக்குப் போயிருந்தோம். திரும்பி வந்தபோது அப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். நாளைக்குக் காலையில் எழ வேண்டுமே, அசந்து தூங்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

காலையில் அவர் எழுந்திருக்கவில்லை. "வயிறு வலிக்கி. நீங்க போங்க" என்றார். அம்மா கெஞ்சினாள், பிறகு திட்டினாள். தங்கை புடவையோடு தரையில் மண்டியிட்டு அவர் தோளைத் தொட்டாள். "அப்பா, பை இருக்குல்லா. நான் பூ வச்சுத் தச்சேன்லாப்பா." அவர் திரும்பவே இல்லை. வாசலில் வேன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று அவர் காதில் விழும்படியே சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

தாய்மாமாதான் தங்கையின் கையைப் பிடித்து நடந்தார். ராணுவத்தில் இருந்தவர், விறுவிறுவென்று நடந்துவிட்டார். பாட்டில் பாதி மிஞ்சிவிட்டது. அவள் பீடத்துக்கு முன்னால் தலையைக் குனிந்தபடி, பாட்டு முடிகிற வரைக்கும் சும்மா நின்றாள்.

சாயங்காலம் பொண்ணு மாப்பிள்ளைக்குப் பால் பழம் கொடுக்க வீட்டுக்கு அழைத்துவந்தோம். அப்பா எழுந்து உட்கார்ந்து இருவர் நெற்றியிலும் சிலுவை போட்டார். தங்கை அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் டம்ளர் கழுவப் பின்பக்கம் போனேன். துவைக்கிற கல்லுக்குப் பின்னால் அலுமினியக் குண்டான் கவிழ்த்து வைத்திருந்தது. தூக்கினேன். சோடா உப்பு வாசனை. அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஏதோ ஒன்று, மரக்கட்டை மாதிரி இறுகிக் கிடந்தது. வெள்ளையாகச் சுருண்டிருந்த பூக்களுக்கு நடுவில் ஜரிகை நூலைப் பார்த்ததும்தான் எனக்கு விளங்கியது.

எல்லோரும் போன பிறகு அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பையை என் கையில் பார்த்ததும் அவரே சொன்னார்.

"நேத்து லேசாக் கசிஞ்சிருந்திச்சும்மா. கோயிலுக்குள்ள கொண்டு போற சாமான், வாட அடிக்கப்படாதுல்லா. வெள்ளத் துணிக்குப் போடுத மாதிரி சோடா போட்டுக் கொதிக்க வச்சேன். ஒருக்கா சுருங்குனதுதானே, என்ன ஆவப்போவுதுன்னு நெனச்சிட்டேன். மூடியத் தெறந்து பாத்தா..." என்று கையை விரித்தார். "இழுத்துப் பாத்தேன். கல்லுல வச்சு நீட்டிப் பாத்தேன். வரவே மாட்டேன்னுட்டு."

"பழைய துணிப்பையோட வந்திருக்கலாம்லாப்பா."

"அதோட வந்தா மறுபடி எவனாவது கேப்பான். அந்த எடத்துல, பீடத்துக்கு முன்னால, எம்புள்ள தல குனிவாள்லா."

அவள் குனிந்துதான் நின்றாள் என்று நான் சொல்லவில்லை. காலையில் அவர் காதில் விழும்படி நான் சொன்னது ஞாபகம் வந்தது. அவளிடம் சொல்லிவிடலாம்ப்பா என்றேன். "வேண்டாம். புதுப் பொண்ணு, அழுவா. நானே ஒரு நாள் சொல்லுதேன்" என்றார்.

எனக்கு மனசு ஆறவில்லை. ஊசியை எடுத்து, எங்காவது ஒரு கண்ணி அகப்படுகிறதா என்று குத்திப் பார்த்தேன். அகப்பட்டால் பிரித்து மறுபடி பின்னிவிடலாம். பின்னல் என்றால் பிரிக்க முடியும். அதுதான் எங்கள் தொழிலில் உள்ள ஒரே ஆறுதல். அதில் பிரிப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. ஊசிதான் வளைந்தது. மறுபடி பின்னக் கம்பெனியில் நூலும் இல்லை.

அப்பா அந்தக் குட்டிப் பையில் செபமாலையைப் போட்டுத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டார். தங்கை வரும்போதெல்லாம் இன்று சொல்லிவிடுவார் என்று பார்ப்பேன். அவர் மழையைப் பற்றியோ மாப்பிள்ளையின் வேலையைப் பற்றியோ பேசுவார். அவளும் மரியாதைக்குப் பதில் சொல்லிவிட்டு அம்மாவிடம் போய் உட்கார்ந்துகொள்வாள். ஒருமுறை என்னிடம் மட்டும் கேட்டாள். "ஒரே ஒரு நாள்தானக்கா. எனக்காக ஒரு நாள் வந்திருக்கக்கூடாதா?"

"அவர்ட்டயே கேளு" என்றேன். அவள் கேட்கவில்லை. அவளும் அவர் மகள்தானே.

வருடம் திரும்புவதற்குள் அப்பாவின் இதயம் நின்றுவிட்டது. குளிப்பாட்டிக் கிடத்திய பிறகு, கையில் சுற்றுவதற்குச் செபமாலையைத் தேடி அம்மா தலையணைக்கடியில் கைவிட்டாள். குட்டிப் பை வந்தது. மாலையை எடுத்துக்கொண்டு பையைப் பக்கத்தில் வைத்தாள். தங்கை அதைப் பார்த்தாள். எடுத்து, பூவைத் தடவினாள்.

"இது என்னதுக்கா?"

சொன்னேன். அவர் சொன்னபடியே சொன்னேன். அவள் பைக்குள் கையை நுழைத்துப் பார்த்தாள். விரல்கள்தான் போயின. கை போகவில்லை. பிறகு அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய வலது கையைப் பிடித்துக்கொண்டாள். பெட்டி வந்த பிறகு, அம்மா வந்து விரல்களைப் பிரித்துத்தான் அவளை எழுப்ப வேண்டியிருந்தது.

கோயில் வாசலில் பெட்டியைச் சுமந்தவர்களுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். முன்னால் தோள் கொடுத்திருந்த மாமா வழக்கம்போல் விறுவிறுவென்று நடக்கப் போனார்.

"மெதுவா மாமா. பாட்டு முடியதுக்கு முன்னால போய் நிக்கக்கூடாது" என்றாள் தங்கை.

உள்ளே எல்லோரும் எழுந்து நின்றார்கள். இடது கையில் அந்தப் பை, வலது கை பெட்டியின் மேல். பீடம் வரைக்கும் அவள் தலையைக் குனியவே இல்லை.