ரம்பம் தின்ற பங்கு

"இன்னும் கொஞ்சம் தள்ளுடா," என்றான் அண்ணன்.

தம்பி தோள் கொடுத்துத் தள்ளினான். கடைசிப் பலகை மற்றவற்றோடு ஒட்டி நின்றது. ஆனாலும் ஜன்னலோரம் ஒரு விரல் இடைவெளி. அண்ணன் அளவு நாடாவை இழுத்தான், சுருட்டினான், மறுபடி இழுத்தான்.

"நாடா என்ன ரப்பரா மாமா, இழுக்க இழுக்க நீள்றதுக்கு?" கட்டிலில் உட்கார்ந்திருந்த தம்பி மனைவி கேட்டாள். காலடியில் அவள் பெட்டி, பூட்டித் தயாராக. கல்யாணமாகி வந்ததிலிருந்து மூன்று பேருக்கும் ஒரே அறை. சாயங்காலத்துக்குள் நடுவில் மறைப்பு வராவிட்டால் தன் அம்மா வீடுதான் என்று காலையிலேயே சொல்லிவிட்டாள். அவள் போனால் தம்பியும் போவான். பிறகு முழு அறையும் அண்ணனுக்கே. அது அவனுக்கு வேண்டாம்.

அவன் வேலை பார்க்கும் கண்ணாடி வெட்டும் கடையில் அவனுக்கு மில்லி என்று பெயர். அரை மில்லி பிசகினாலும் துண்டை ஒதுக்கிவிடுவான். தங்கள் அம்மா இறந்த பிறகு வீட்டில் ரொட்டியை வெட்டியதும் அவன்தான். சதுரமோ வட்டமோ, வெட்டுகிறவன் கடைசியில் எடுக்க வேண்டும். அது வீட்டுச் சட்டம். சண்டையே வந்ததில்லை.

அறை சதுரம். மூலைக்கு மூலை சாக்பீஸ் கோடு போட்டுப் பார்த்தான். பாதி பாதிதான், ஆனால் முக்கோணத்தில் கட்டிலை எங்கே போடுவது? கதவும் இரட்டை, எதிரே ஜன்னலும் இரட்டை. நடுவில் பிரித்தால் ஆளுக்கொரு கதவு, ஆளுக்கொரு ஜன்னல். இரண்டு சதுரப் பலகை கச்சிதமாக வாங்கினான். மாடிப்படி வளைவில் அவை திரும்பவில்லை. கீழேயே ஒவ்வொன்றையும் நான்கு சமப் பட்டைகளாக அறுத்தான்.

"ரம்பம் தின்னுடுச்சு," என்றான் இப்போது.

கண்ணாடியைக் கீறி ஒடித்தால் எதுவும் குறையாது. இருபது வருடப் பழக்கம். மரம் ஒவ்வொரு அறுப்புக்கும் கொஞ்சம் தூளாகும் என்பது அவன் புத்திக்கு எட்டவேயில்லை. அந்த இடைவெளி படிக்கட்டடியில் குவிந்து கிடந்தது.

"மில்லிக்கே மில்லி தப்பிடுச்சா?" தம்பி சிரித்தான். மனைவி முறைத்ததும் வாயை மூடிக்கொண்டான்.

அண்ணன் கட்டிலடியிலிருந்து சாக்கை இழுத்தான். உள்ளே கடையில் கழித்த கண்ணாடித் துண்டுகள்.

"மறைப்பு கேட்டா ஷோகேஸ் வைக்கிறீங்களே மாமா!"

"கொஞ்சம் பொறும்மா."

விரலகலப் பட்டை ஒடிப்பது சுலபமில்லை. முதலாவது நடுவில் முறிந்தது. இரண்டாவதும். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான், நடந்தான், மறுபடி உட்கார்ந்தான். மூன்றாவது வந்தது. உப்புத்தாளால் இருபுறமும் தேய்த்தான், பட்டை பாலாக வெளுக்கும்வரை. உள்ளங்கை எரிந்தது. இடைவெளியில் செருகினான். சத்தமில்லாமல் உட்கார்ந்தது.

மறைப்புக்கு அந்தப் பக்கம் போய்ப் பட்டையருகே கையை நீட்டினாள் அவள். "எத்தனை விரல்?"

"ஒண்ணும் தெரியலம்மா. ஏதோ நிழல்."

நிழல் விலகியது; அவள் இந்தப் பக்கம் வந்தாள். அவன் தம்பியைப் பார்த்தான். "எந்தப் பக்கம்டா வேணும்? நீதான் முதல்ல எடுக்கணும்."

தம்பி மனைவியைப் பார்த்தான். அவள் பெட்டியைப் பார்த்தாள். அண்ணனால் அங்கே நிற்க முடியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினான்.

மறுநாள் காலை தண்ணீர் தாமதமாக வந்தது. தம்பி வேலைக்குக் கிளம்பினான். பெட்டி இடது பாதியில், பூட்டில்லாமல், கட்டிலடியில் இருந்தது. அண்ணன் வலது ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுக் கடைக்குப் போனான். யாருடைய குளியலறைக்கோ சதுரக் கண்ணாடிகள் வெட்டினான்.